தண்டையார்பேட்டையா, ஜெர்மனியா? திரும்பி வரும் வழியை விடாமல் முடிவெடுப்பது எப்படி?

தண்டையார்பேட்டை | 3 மார்ச் 2025

தங்கச்சி இந்தியக் குடியுரிமை, மாப்பிள்ளை ஜெர்மன் குடியுரிமை. கல்யாணம் 2024 பிப்ரவரியில், இங்கயே சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவாச்சு. குழந்தை இன்னும் இல்ல. கடைசி வரைக்கும் எங்க இருக்கிறதுன்னு இந்த வருஷத்துக்குள்ள முடிவு பண்ணணும்.

என் கணக்கு இதுதான். முதல்ல அங்க போய் அவ ஜெர்மன் குடியுரிமை வாங்கிடணும். அப்புறம் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்தியர் இங்க ஆயுசுக்கும் வந்து தங்க இந்தியா தர்ற அட்டை) எடுத்துக்கிட்டு எப்ப வேணும்னாலும் வடசென்னைக்கு வந்து உட்காரலாம். வெறும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதியை மட்டும் வச்சுக்கிட்டு இங்க வந்தா ஆறு மாசத்துல அது செத்துப்போயிடும். அதனால குடியுரிமைதான் ஒரே பாதுகாப்பு. தப்பிருந்தா சொல்லுங்க.

ராயபுரம் | 3 மார்ச் 2025

ஆறு மாதக் கணக்கு பொது விதி. உங்கள் தங்கைக்கு அது அப்படியே பொருந்தாது.

ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தில் 51ஆம் பிரிவு. நாட்டை விட்டுப் போய் ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் அனுமதி காலாவதி என்பது அதன் முதல் உட்பிரிவு. இரண்டாம் உட்பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: ஜெர்மன் குடிமகனோடு மண வாழ்க்கை நடத்துபவரின் நிரந்தர அனுமதி இந்தக் காரணத்தால் காலாவதி ஆகாது. நாட்டை விட்டு வெளியேற்றும் அளவுக்கு அவர் மேல் குற்றம் எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இந்த விலக்கு நீடர்லாசுங்ஸ்எர்லாப்னிஸ் என்னும் நிரந்தர அனுமதிக்கு மட்டும். போனவுடன் கொடுக்கும் தற்காலிக அனுமதிக்குக் கிடையாது. இரண்டு, ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் ‘இந்த அனுமதி தொடர்கிறது’ என்று எழுத்தில் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் மூன்று வருடம் கழித்து விமான நிலையத்தில் பாஸ்போர்ட் முத்திரைகளைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரியிடம் நின்றுகொண்டு சட்டம் பேச வேண்டியிருக்கும்.

ஜெர்மானியரின் துணைக்கு நிரந்தர அனுமதி மூன்று வருடத்தில் கிடைக்கும். ஜெர்மன் மொழி பி1 என்னும் இடைநிலை அளவு வேண்டும், மண வாழ்க்கை தொடர வேண்டும்.

கொருக்குப்பேட்டை | 4 மார்ச் 2025

அண்ணே, குடியுரிமை விஷயத்துல நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. 2024 ஜூன் 27லேர்ந்து ஜெர்மனி பழைய குடியுரிமையை விடச் சொல்றதில்ல. அதைக் கேட்டுட்டு ‘ரெட்டைக் குடியுரிமை வந்துடுச்சு’ன்னு சொல்றாங்க. ஜெர்மனிக்கு வந்துச்சு, இந்தியாவுக்கு வரல. நம்ம குடியுரிமைச் சட்டம் 1955, 9ஆம் பிரிவு: வேற நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கின அன்னைக்கே இந்தியக் குடியுரிமை போயிடும். யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டாங்க, தானாவே போயிடும். அதுக்கப்புறம் அந்த இந்திய பாஸ்போர்ட்டை வச்சு ஒரு தடவை பயணம் பண்ணாக்கூட அபராதம். ஒப்படைச்சு, ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்கினாதான் ஓசிஐ விண்ணப்பமே நகரும்.

இந்தியக் குடியுரிமை போனா கூட என்னென்ன போகும்? ஓட்டு. அரசு வேலை. விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் விலைக்கு வாங்குற உரிமை. பரம்பரையா வர்ற சொத்து வரும், அதுக்குத் தடை இல்ல. ஊர்ல வீடோ ஃபிளாட்டோ வாங்கலாம். இதெல்லாம் சமாளிச்சுக்கலாம். அடுத்த தலைமுறைக்கு வரும்போதுதான் வலிக்கும்: ஓசிஐ வச்சிருக்கிற பிள்ளை நீட் எழுதலாம், ஆனா என்.ஆர்.ஐ. (வெளிநாடு வாழ் இந்தியர்) இடத்துக்கும் வழக்கமான எண்ணிக்கைக்கு மேல வைக்கிற கூடுதல் இடத்துக்கும்தான் போட்டி போட முடியும். இந்தியக் குடிமக்களுக்குன்னு வச்ச இடம் கிடையாது. 2021 மார்ச் 4 அறிவிக்கையில தெளிவா இருக்கு. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியை வாசல்லயே வச்சுக்கிட்டு, அரசுக் கட்டணத்துல அங்க படிக்க முடியாது.

தண்டையார்பேட்டை | 4 மார்ச் 2025

51/2 எனக்குத் தெரியாது. அப்ப குடியுரிமை அவசரம் இல்ல. ஆனா மாப்பிள்ளை இங்க இருக்க என்ன வழி? அவருக்கு வேலை வேணும்.

ராயபுரம் | 5 மார்ச் 2025

அவருக்கு ஓசிஐ. இந்தியக் குடிமகளின் கணவர், திருமணம் பதிவாகி இரண்டு வருடம் இடைவிடாமல் தொடர்ந்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் 2026 பிப்ரவரி. அந்த இரண்டு வருடமும் இந்தியாவில் கழிக்க வேண்டும் என்று இல்லை. ஜெர்மனியில் இருந்துகொண்டே விண்ணப்பிக்கலாம். கட்டணம் வெளிநாட்டில் 275 டாலர், இங்கே 15,000 ரூபாய். வந்துவிட்டால் வேலை, வங்கிக் கணக்கு, வீடு எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட என்.ஆர்.ஐ. நிலை. காவல்துறைப் பதிவும் இல்லை.

அதற்கு முன்பே வந்தால் எக்ஸ் விசா, அதாவது இந்தியரின் துணைக்குக் கொடுக்கும் நுழைவு விசா. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் இறங்கிய 14 நாளுக்குள் இ-எஃப்ஆர்ஆர்ஓவில் (வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளம்) பதிவு. அங்கே முகவரிச் சான்று கேட்பார்கள். மின் கட்டண ரசீது மாமியார் பெயரில் இருந்தால் ரசீதோடு அவர் கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டையும் வேண்டும். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பதை ஹோட்டலுக்கு மட்டும் உள்ளது என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு விசா நீட்டிப்பில் அதுவே தடையாக வந்து நிற்கிறது.

எக்ஸ் விசாவோடு வேலையில் சேர முடியாது, வேலை விசாவாக மாற்ற வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய் ஊதிய வரம்பு. ஆங்கிலம் அல்லாத மொழி கற்பிப்பவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அந்த வரம்பு இல்லை. அதனால் ஜெர்மன் வகுப்பு எடுப்பது இந்த இடைக்காலத்தில் உண்மையிலேயே ஒரு வழி.

மறக்கக் கூடாதது: அவருடைய ஓசிஐ திருமணத்தின் மேல் நிற்கிறது. மணமுறிவு ஆனால் ரத்து. ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் ‘திருமணம் தொடர்கிறது’ என்ற உறுதிமொழியோடு இணையத்தில் ஏற்ற வேண்டும். உங்கள் தங்கைக்கு அங்கே நிலைமை வேறு. ஜெர்மனியில் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு அவர் தங்கும் உரிமை கணவரைச் சாராமல் தனித்து நிற்கும். இதைப் பேசச் சங்கடமாக இருக்கலாம். ஆனாலும் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

பெரம்பூர் | 6 மார்ச் 2025

எல்லாரும் தம்பதியோட காகிதத்தையே பேசுறீங்க. நாடு எதுன்னு முடிவு பண்றது பெத்தவங்கதான்.

இங்க இருக்கிற அம்மாவை ஜெர்மனிக்கு நிரந்தரமா கூட்டிட்டுப் போக முடியாது. அந்த ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தோட 36/2 பிரிவில் ‘அசாதாரணக் கஷ்டம்’ன்னு நிரூபிக்கணும். வயசாயிடுச்சு, தனியா இருக்காங்க, சர்க்கரை இருக்குங்கறதெல்லாம் அந்தக் கணக்குல வராது. இங்க யாராலயும் எந்த விதத்திலயும் பார்த்துக்க முடியாது, காசு கொடுத்து ஆள் வைக்கவும் வழியில்லன்னு காட்டணும். அண்ணன் தண்டையார்பேட்டையிலேயே இருந்தா அந்த விண்ணப்பம் அங்கேயே முடிஞ்சுது. சுற்றுலா விசான்னா எந்த 180 நாள்லயும் 90 நாள்தான்.

அந்தப் பக்கத்துப் பெத்தவங்களுக்குப் பராமரிப்புக் காப்பீடு இருக்கு. எவ்வளவு உதவி தேவைங்கறதைப் பொறுத்து ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் படி போட்டு, வீட்டுக்கு ஆள் வர்றதுக்கும் இல்லத்துல சேர்றதுக்கும் அது பணம் கொடுக்கும். மீதிச் செலவைப் பிள்ளைகிட்ட கேட்கணும்னா அவர் வருமானம் வருஷத்துக்கு ஒரு லட்சம் யூரோவைத் தாண்டியிருக்கணும். அந்த ஏற்பாடு மாப்பிள்ளை பக்கத்துல இல்லைன்னாலும் நடக்கும். இங்க அம்மாவை ஸ்டான்லி புறநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போய் டோக்கன் எடுத்து, மாத்திரை வாங்கிட்டு வர ஒரு கை வேணும். பாசம் எந்தப் பக்கம் அதிகம்னு நான் சொல்ல வரல. யார் பக்கத்துல ஆள் இல்லைன்னா வண்டி நிக்கும்னு பாருங்க.

கொருக்குப்பேட்டை | 6 மார்ச் 2025

பெரம்பூர் அக்கா சொன்னதுல எனக்கு மறுப்பு இல்ல. நான் மேல எழுதினதுல ஒரு திருத்தம். குடியுரிமை போனா போனதுதான்னு படிக்கிறவங்களுக்குத் தோணும். திரும்ப வாங்க வழி இருக்கு: ஓசிஐ பதிவாகி அஞ்சு வருஷம் ஆகி, விண்ணப்பத்துக்கு முன்னாடி 12 மாசம் இந்தியாவுல குடியிருந்தா நம்ம குடியுரிமைச் சட்டத்தோட 5/1/ஜி பிரிவில் கேட்கலாம். ஆனா அப்ப ஜெர்மன் குடியுரிமையை விடணும். அஞ்சு வருஷம் காத்திருந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்றதுக்குப் பேர் பாதுகாப்பு இல்ல.

தண்டையார்பேட்டை | 9 மார்ச் 2025

அம்மா விஷயம் நேரா நெஞ்சுல வந்து விழுந்துச்சு. அவங்களுக்கு 64. இப்போதைக்கு நல்லா இருக்காங்க.

இருக்கிற வீட்டை இடிச்சு மாடி எடுத்து ஒரு தளத்தைத் தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுக்கலாம்னு நினைச்சேன். குடிசை மாற்று வாரியத்து மனை, ஒதுக்கீட்டு ஆணை அப்பா பேர்ல இருக்கு.

கொருக்குப்பேட்டை | 9 மார்ச் 2025

நிறுத்துங்க அண்ணே. ஒதுக்கீட்டு ஆணை கிரயப் பத்திரம் இல்ல. வாரியத்துக்கு (இப்ப நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) தவணை பாக்கி தீர்த்து, வாரிசுச் சான்றிதழ் கொடுத்து, பேர் மாத்தி, விற்பனைப் பத்திரம் பதிவான பிறகுதான் அது உங்க வீடு. அதுவரைக்கும் வங்கி அடமானம் எடுக்காது. ஜெர்மனியிலேர்ந்து வர்ற காசை அதுல கொட்டினா, நாளைக்குத் தங்கச்சிக்குன்னு ஒரு தாள் இருக்காது. முதல் வேலை சுவர் இல்ல, பத்திரம். தங்கச்சி விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே வாரிசுச் சான்றிதழுக்கு மனு போடுங்க, கையெழுத்து நேர்ல கிடைக்கும். அப்புறம்னா தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணின அதிகாரப் பத்திரம், அது இங்க வந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வைன்னு இழுக்கும்.

பெரம்பூர் | 10 மார்ச் 2025

ராயபுரம் சாருக்கு ஒரு கேள்வி. அம்மாவுக்கு உடம்பு முடியாம தங்கச்சி மட்டும் தனியா வந்து எட்டு மாசம் இருக்க வேண்டி வந்தா? மாப்பிள்ளை அங்கயே வேலையில இருக்காரு. அப்பவும் 51/2 காப்பாத்துமா?

ராயபுரம் | 10 மார்ச் 2025

நல்ல கேள்வி. நான் எழுதியதைச் சற்றே இறுக்கிக்கொள்கிறேன். விலக்கு ‘மண வாழ்க்கை நடத்துபவருக்கு’. இருவரும் சேர்ந்து சென்னைக்கு வந்தால் சிக்கல் இல்லை. ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே என்று மாதக்கணக்கில் போனால் அந்தச் சொல்லையே அலுவலகம் கேள்விக்குள்ளாக்கலாம். தனியாக வருவதென்றால் வேறு வழி இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பதிலாக நீண்ட கெடு கொடுக்கும் அதிகாரம் அதே பிரிவில் அவர்களுக்கு உண்டு. பெற்றோரின் மருத்துவ அறிக்கையை மொழிபெயர்த்து வைத்து, கிளம்புவதற்கு முன் கேட்க வேண்டும். இங்கே வந்த பிறகு மின்னஞ்சலில் கேட்பதற்கும் முன்பே கேட்பதற்கும் நிறைய வித்தியாசம். முதல் மூன்று வருடம் தற்காலிக அனுமதி இருக்கும்போதும் இதே வழிதான். அந்தக் காலத்தில் 51/2 துணைக்கு வராது என்பதால் இன்னும் கவனம்.

வியாசர்பாடி | 15 மார்ச் 2025

காகிதம் தயார் பண்ற இடத்துல இடறுறதைச் சொல்றேன்.

பேர். நம்ம ஊர்ல அப்பா பேர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலி, சிலருக்கு அப்பா பேர் அதில் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் வெறும் பேர், பள்ளி மாற்றுச் சான்றிதழில் முன்னால ஒரு எழுத்து, கல்யாணச் சான்றிதழில் பின்னால ஒரு எழுத்து. இங்க இதை ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க. ஜெர்மன் அதிகாரிக்கு அது மூணு வேற வேற பொண்ணு. பழைய மாநகராட்சிச் சான்றிதழில் பேரே இல்லாம ‘பெண்’ன்னு மட்டும் இருக்கும், அதுல பேரைச் சேர்த்துட்டுத்தான் மத்ததைத் தொடணும். வரிசை: பிறப்புச் சான்றிதழ், அதுக்கு ஏத்த மாதிரி பாஸ்போர்ட், அதுக்கு ஏத்த மாதிரி கல்யாணச் சான்றிதழ்.

அப்போஸ்டில். இது ஒரு நாட்டுச் சான்றிதழ் வேற நாட்டுல செல்றதுக்குப் போடுற முத்திரை, அதுக்கு ஒரு சர்வதேச உடன்படிக்கை இருக்கு. இந்தியா அதுல சேர்ந்தப்ப ஜெர்மனி ஆட்சேபம் தெரிவிச்சது. அதனால ரெண்டு நாட்டுக்கும் நடுவுல அப்போஸ்டில் முத்திரை செல்லாது. தேவைப்பட்டா தூதரகமே வக்கீலை வச்சு, பதிவாளர் அலுவலகத்துலயும் அக்கம்பக்கத்துலயும் விசாரிச்சு உண்மைத்தன்மை பார்க்கும். செலவு நம்மளோடது, மாசக்கணக்கில் ஆகும். ஏஜென்ட் ‘அப்போஸ்டில் போட்டுத் தர்றேன்’னு காசு கேட்டா கொடுக்காதீங்க.

மொழி. ஜெர்மானியரோட துணைன்னா விசாவுக்கு முன்னாடியே ஏ1, அதாவது ஜெர்மன் மொழியில தொடக்க நிலை. நுங்கம்பாக்கம் கோத்தே இன்ஸ்டிடியூட்ல பரீட்சை. நூத்துக்கு அறுபது. கேட்பது 20 நிமிஷம், படிப்பது 25, எழுதுவது 20, பேசுவது 15. எழுதுற பகுதியில ஒரு படிவம் நிரப்பணும், கிட்டத்தட்ட 30 வார்த்தையில ஒரு சின்னக் கடிதம் எழுதணும். கடிதத்துல மூணு குறிப்பு கொடுத்திருப்பாங்க. இலக்கணம் தப்பினாலும் மார்க் வரும், ஒரு குறிப்பை விட்டுட்டா அந்த மார்க் போச்சு.

போய் இறங்கினதும் ரெண்டு வாரத்துக்குள்ள முகவரிப் பதிவு. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாம அது நடக்காது, அது இல்லாம வரி எண்ணும் வராது. நம்ம ஓட்டுநர் உரிமம் ஆறு மாசம்தான் செல்லும். அப்புறம் எழுத்து, ஓட்டம் ரெண்டு பரீட்சையும் முதல்லேர்ந்து.

திருவொற்றியூர் | 22 மார்ச் 2025

காசைப் பற்றி இதுவரை ஒருவரும் எழுதவில்லை.

இங்கே வேலையை விடும்போது பி.எஃப். எடுப்பவர்கள் கூடவே ஓய்வூதியப் பகுதியையும் 10சி படிவத்தில் எடுத்துவிடுகிறார்கள். செய்ய வேண்டாம். அதே படிவத்தில் ஸ்கீம் சர்ட்டிபிகேட் (ஓய்வூதியத்துக்குச் சேர்ந்த வருடங்களைக் காத்து வைக்கும் சான்று) கேளுங்கள். இந்தியா–ஜெர்மனி சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. தகுதிக் காலத்துக்கு இரண்டு நாட்டு வருடங்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஜெர்மனியில் குறைந்தது 5 வருடம், இங்கே 10 வருடம். எடுத்துத் தின்ற வருடம் இரண்டு பக்கமும் கணக்கில் வராது. ஜெர்மன் ஓய்வூதியம் 1964இலும் அதற்குப் பின்பும் பிறந்தவர்களுக்கு 67 வயதில், சென்னைக்கே வரும்.

வரி: ஜெர்மனியில் நாள் கணக்கு மட்டும் போதாது. அங்கே ஒரு வீட்டைச் சாவியோடு வைத்திருந்தாலே வரி வசிப்பாளர் ஆகிவிடலாம். சென்னைக்கு வருவது என்று முடிவானால் வீட்டைக் காலி செய்து பதிவை நீக்கிவிட்டு வாருங்கள். இங்கிருந்து போகும்போது சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாடு வாழ் இந்தியர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) ஆக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு மருத்துவக் காப்பீடு. பல வருடம் இங்கே இருந்துவிட்டு 55 வயதுக்குப் பிறகு திரும்பினால், அங்குள்ள பொது மருத்துவக் காப்பீட்டில் மறுபடி நுழைவது கடைசியாக எதில் இருந்தார் என்பதைப் பொறுத்து கடினமாகலாம். கிளம்பும்போதே ‘அன்வார்ட்ஷாஃப்ட்’ என்று சிறு தொகை கட்டி இடம் பிடித்து வைக்கும் ஏற்பாடு பற்றிக் கேட்கட்டும். சென்னையில் குடியேறுவது முப்பதுகளில் என்றால் இது பெரிய பயம் இல்லை. ஐம்பதுகளில் என்றால் இதுவே முதல் கேள்வி.

பெரம்பூர் | 12 ஏப்ரல் 2025

குழந்தை எங்க பிறக்குதுங்கறதும் இதுல சேர்த்திதான். இங்க பிறந்தா பிறப்பாலேயே இந்தியக் குடியுரிமை, அப்பா வழியில ஜெர்மன் குடியுரிமையும் உண்டு. ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கின அன்னைக்கு நம்ம விதிப்படி அதுவே வேற நாட்டை விரும்பி எடுத்ததுக்கு முடிவான சாட்சி. அதனால எங்க வளர்க்கிறதுன்னு தெளிவாகாம, விடுமுறைக்குப் போக வசதின்னு பாஸ்போர்ட் எடுக்காதீங்க. அங்க பிறந்தா இந்தியத் தூதரகத்துல ஒரு வருஷத்துக்குள்ள பதியணும், வேற பாஸ்போர்ட் இல்லைன்னு உறுதி கொடுக்கணும்.

இன்னொண்ணு, எங்க ஏரியான்னு பாசத்துல மறைக்கக் கூடாது. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய்க் கசிவு, அதே மாசம் அமோனியா வாயுக் கசிவு. வீசிங் இருக்கிற பிள்ளைக்கு மணலி, எண்ணூர் பக்கம் வீடு பார்க்காதீங்க. விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ 2021லேர்ந்து ஓடுது. அம்மா வீட்டுக்கு எட்டிப் போற தூரத்துல, கொஞ்சம் தள்ளி இருக்கலாம்.

தண்டையார்பேட்டை | 2 மே 2025

தங்கச்சி, மாப்பிள்ளை, அம்மா, நான் நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். மார்ச் 3 அன்னைக்கு நான் எழுதினது தப்பு. குடியுரிமைக்குப் போகல.

இப்ப வரிசை இப்படி: அவ ஆகஸ்டில் ஏ1 எழுதுறா. வாரிசுச் சான்றிதழ் மனு போட்டாச்சு. 2026 பிப்ரவரி தாண்டினதும் மாப்பிள்ளை அங்கிருந்தே ஓசிஐ விண்ணப்பிக்கிறார். மூணு வருஷம் அங்க, பி1, நிரந்தர அனுமதி, 51/2 சான்றிதழ். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து இங்க. நடுவுல அம்மாவுக்கு ஏதாவதுன்னா ராயபுரம் சார் சொன்ன நீண்ட கெடு. யாரும் யார் பாஸ்போர்ட்டையும் விடல.

ராயபுரம் | 3 மே 2025

ஒரே ஒரு திருத்தம். மூன்று வருடக் கணக்கு அங்கே அனுமதியோடு தங்கத் தொடங்கியதில் இருந்து. கல்யாணத் தேதியில் இருந்து எண்ணிவிடாதீர்கள். இந்த வருடக் கடைசியில் போனால் 2028 கடைசி. அம்மாவுக்கு அப்போது 67 முடிந்திருக்கும், அதை வைத்து மற்றதைத் திட்டமிடுங்கள்.

வியாசர்பாடி | 3 மே 2025

அண்ணே, ஏ1 பதிவு பண்ணும்போது பாஸ்போர்ட்டில் உள்ள பேரையே எழுத்துக்கு எழுத்து போடச் சொல்லுங்க. சான்றிதழில் இனிஷியல் இடம் மாறினா தூதரகத்துல மறுபடி கேள்வி வரும். அவ பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியா இருக்கா, நிரப்பியிருக்கா?

தண்டையார்பேட்டை | 3 மே 2025

காலி. திங்கட்கிழமை பாஸ்போர்ட் அலுவலகம் போறோம், பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கிட்டு.